“தண்ணி எங்கே ஊத்தணும்?”: ஒரு மலிவு விலை ப்ராசஸர் கூலர்

“ஏர் கூலர் வந்திருக்கு” என்று அம்மாவிடம் சொன்னது என் தப்புதான். ஆசையாக வாசலுக்குப் போனவர், செருப்பு டப்பா அளவுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல தண்ணி எங்கே ஊத்தணும்?”

ப்ராசஸர் சூடாகாமல் இருக்க கம்ப்யூட்டருக்குள் வைக்கிற கூலர்ம்மா என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் விஷயம் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது என் தொழில். பார்வை இல்லாத மாணவர்கள் கேட்பதற்காக. தனி ஸ்டூடியோ எல்லாம் கிடையாது. ஒரே அறை, ஒரே மேசை, மைக்கிலிருந்து ஒரு கை நீட்டும் தூரத்தில் கம்ப்யூட்டர். உள்ளே இருப்பது ரைசன் 5 3600. 2019இல் வந்த ஆறு கோர் (கணக்குப் போடும் பகுதி) ப்ராசஸர், இன்றும் என் வேலைக்குத் தாராளம். பெட்டியோடு வந்த குட்டி கூலரைத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். அதைக் குறை சொல்ல மாட்டேன், அது அதன் வேலையைச் செய்தது. சாதாரண மேசைக்கு அது போதும். ஆனால் மைக்குக்கு நம்மைவிடக் காது கூர்மை. இந்த ப்ராசஸர் பிரவுசரைத் திறந்தாலே ஒரு நொடியில் 40 டிகிரியிலிருந்து 55க்குத் தாவும், உடனே இறங்கும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்தை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம். மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்குவதை எடுக்கவே முடியாது.

தம்பிக்கு போன் போட்டேன். “வாட்டர் கூலிங் போட்டுடுக்கா, அழகா இருக்கும்” என்றான்.

“அதுல பம்ப் ஓடுமேடா, அது சத்தம் போடாதா?”

“கொஞ்சம் போடும்தான்...”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாங்கியது, இருப்பதிலேயே கீழ்த்தட்டில் இருந்து ஒன்றிரண்டு படி மேலே உள்ள டவர் கூலர். 6 மில்லிமீட்டர் தடிமனில் நான்கு செப்புக் குழாய்கள், அவற்றில் கோத்த அலுமினியத் தகடுகள், முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. உயரம் 155 மில்லிமீட்டர். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே உருவம் பல பெயர்களில் விற்கிறது, நான் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். தராசில் வைத்துப் பார்த்தேன், ஃபேனோடு சேர்த்து 610 கிராம். தகடுகளின் ஓரத்தைத் தேய்த்து மழுக்காமல் விட்டிருக்கிறார்கள். வெளியே எடுக்கும்போதே ஆள்காட்டி விரலில் ஒரு கீறல்.

இப்போது அம்மாவின் கேள்வி. தண்ணீர் ஏற்கெனவே ஊற்றித்தான் வருகிறது! அந்தச் செப்புக் குழாய் கெட்டியான கம்பி இல்லை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிறிதளவு தண்ணீரை விட்டு மூடியிருக்கிறார்கள். அழுத்தம் அவ்வளவு குறைவாக இருப்பதால் நூறு டிகிரிக்கு வெகு கீழேயே அது கொதித்து ஆவியாகிறது. ஆவி மேலே தகடுகள் இருக்கும் பக்கம் போய்ச் சூட்டை விட்டுவிட்டு மறுபடி தண்ணீராகிறது. குழாயின் உட்சுவரில் செப்புத்தூளைச் சுட்டு ஒட்டவைத்த ஒரு படலம் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், அதன் வழியே தண்ணீர் ப்ராசஸருக்கு மேல் திரும்பி வருகிறது. பம்பும் இல்லை, சத்தமும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நான் கேட்டது சரிதானே?” என்றார்.

பழைய கூலரைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டருக்கு நல்ல வேலை கொடுத்துச் சூடேற்றினேன். காரணம் இருக்கிறது. ப்ராசஸரைச் செருகும் இந்த ஏஎம்4 சாக்கெட்டில் 1331 ஊசிகளும் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. சூட்டைக் கடத்த ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் வைக்கும் பேஸ்ட் காய்ந்து பிடித்திருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், ப்ராசஸரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே வந்துவிடும். முன்பு ஒருமுறை அப்படி வந்து, வளைந்த இரண்டு ஊசிகளை லெட் இல்லாத மைக்ரோ டிப் பென்சிலால் நிமிர்த்திய அனுபவம் எனக்கு உண்டு. அன்று வந்த வயிற்றுக்கலக்கம் இன்னும் மறக்கவில்லை. அதனால் சூடேற்றி, ஆஃப் செய்து, பாட்டில் மூடியைத் திருகுவதுபோல் இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பி எடுத்தேன். சுத்தமாக வந்தது. கேபினெட்டைப் படுக்கவைத்துச் செய்யுங்கள். நிற்கவைத்தபடி நான்கு திருகையும் கழற்றினால், மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகடு பிடிமானமில்லாமல் விழுந்துவிடும். எனக்கு விழுந்தது. அந்தப் பக்கக் கதவையும் திறந்து தேட வேண்டியதாயிற்று.

புதியதைப் பொருத்துவதற்கான வழிமுறைத்தாளில் எழுத்தே கிடையாது, தபால்தலை அளவில் ஆறு படங்கள் மட்டும். கூலரின் அடிப்பகுதியில் ஒரு குறுக்குச் சட்டம், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு திருகு. திருகை எதுவரை முடுக்குவது? நல்ல கூலர்களில் ஸ்பிரிங் அழுந்தி ஓர் இடத்தில் திருகு தானாக நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. இதில் அப்படி நிற்கும் இடமே இல்லை. நான் வலது திருகை முழுக்க முடுக்கிவிட்டு இடதுக்குப் போனேன்.

அங்கேதான் தவறினேன். ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டினால் 82 டிகிரி. பழைய குட்டி கூலரில் 91 இருந்தது. இவ்வளவு பெரிய உருவத்தை உள்ளே வைத்து ஒன்பது டிகிரிதானா என்று மனசு கேட்கவில்லை. மறுபடி கழற்றினேன். பேஸ்ட் பதிந்திருந்த விதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வலப்பக்கம் உலோகம் தெரியும் அளவு மெல்லியதாக நசுங்கியிருந்தது. இடப்பக்கம் நான் வைத்த பட்டாணி அளவு உருண்டையில் பாதி அப்படியே தடிமனாக நின்றது. கூலர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கூடவந்த பேஸ்ட் பொட்டலமோ ஒரு தடவைக்குத்தான். நல்லவேளை, பழைய டியூப் ஒன்று மேசையில் கிடந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக வைத்து, இந்த முறை வலதில் இரண்டு சுற்று, இடதில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி, கை கொஞ்சம் எதிர்ப்பை உணரும்வரை மட்டும் முடுக்கினேன்.

71 டிகிரி. அதே பேஸ்ட் அளவு, அதே ஃபேன், அதே 29 டிகிரி அறை. திருகியதில் மட்டும் பதினொன்று குறைந்தது. இந்த விலைக் கூலர்களை “சுமார்தான்” என்று சொல்பவர்களில் எத்தனை பேர் ஒரு தடவை கழற்றிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டேன். உலோகத்தில் இவர்கள் கைவைக்கவில்லை. சிக்கனம் பிடித்தது திருகிலும் ஃபேனிலும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். 91இலிருந்து 71க்கு வந்ததால் கம்ப்யூட்டர் பறக்கவில்லை. 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இந்த ப்ராசஸர் 88 வாட் வரை இழுக்கும், அதற்கு மேல் தானே நிறுத்திக்கொள்ளும். வேகத்துக்குக் கடிவாளம் அங்கே இருக்கிறது. சூடு குறைந்ததால் முழு வேலையில் ஆறு கோர்களும் 3.85 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.97க்கு நகர்ந்தன, மதிப்பெண் நூற்றுக்கு மூன்று கூடியது. அவ்வளவே. வேகத்துக்காக வாங்குபவர்கள் காசை வேறெதிலாவது போடலாம். இதைவிட இருமடங்கு பெரிய கூலர் வைத்தாலும் இதில் பெரிதாக எதுவும் நடக்காது. ஏனென்றால் ஆறு கோர்களும் ப்ராசஸரின் உலோக மூடிக்கு அடியில் நடுவில் இல்லாமல் ஓரமாக உள்ள ஒரு சின்னச் சிலிக்கான் துண்டில் அடைந்து கிடக்கின்றன. நான்கு குழாயில் இரண்டுதான் அதற்கு நேர்மேலே வருகின்றன. சூடு வெளியே வரும் வாசல் குறுகலாக இருக்கும்போது வெளியே எவ்வளவு பெரிய மைதானம் இருந்து என்ன பயன்?

என் கதை ஃபேனில் இருக்கிறது. பெட்டியில் இருந்தபடியே பொருத்தியபோது 1,200 சுற்றுக்குப் பக்கத்தில் ஒரு “ம்ம்ம்” சத்தம். காதுக்கு லேசாகத்தான் கேட்டது. ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம்) போட்டுப் பார்த்தேன். கோடு கிழித்ததுபோல் 180 ஹெர்ட்ஸில் ஒரு வரி. கணக்குப் போட்டால் அப்படியே வருகிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு 20. இறக்கைகள் ஒன்பது. ஒன்பது இருபது நூற்றெண்பது. பெண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 165இலிருந்து 255 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். என் குரல் 190ஐச் சுற்றி. அதாவது இந்த ஃபேன் எனக்குச் சுருதி சேர்த்துப் பாடுகிறது! அதை வெட்டி எடுக்கப் போனால் என் குரலும் கூடவே தேய்ந்து, தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

சத்தத்தில் பாதி ஃபேனுடையதே இல்லை. கம்பிக் கொக்கி போட்டு ஃபேனைத் தகடுகளோடு மாட்டுகிறார்கள், நடுவில் ரப்பர் எதுவும் கிடையாது, அதிர்வு நேராகத் தகடுகளுக்குப் போகிறது. பழைய சைக்கிள் ட்யூபில் நான்கு துண்டு நறுக்கி மூலைகளில் வைத்து மாட்டினேன். அந்த வரி ஸ்பெக்ட்ரோகிராமில் பாதிக்கு மேல் மங்கிவிட்டது.

மீதியை பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் திரையில், சரிசெய்தேன். ஃபேனின் முழு வேகம் 1,750. அந்த வேகத்தில் 70 டிகிரி. 1,100இல் 73. இந்த மூன்று டிகிரிக்காக யாராவது அந்தச் சத்தத்தைக் கேட்பார்களா? ஃபேன் வேகம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும் என்பது பொதுவான கணக்கு. 750க்கு இறக்கினால், முழு வேலையில் 79 வரை போகிறது. 95 வரை தாங்கும் ப்ராசஸருக்கு அது ஒன்றுமே இல்லை. குரல் பதிவு செய்யும்போது ப்ராசஸருக்கு வேலையே கிடையாது, 45ஐத் தாண்டுவதில்லை. அதனால் 60 டிகிரிவரை 750லேயே நில், பிறகு 1,050, அதன்பின் 1,150க்கும் 1,250க்கும் நடுவில் எங்கும் நிற்காமல் ஒரே தாவாக 1,400 என்று சூட்டுக்கேற்ற ஃபேன் வேக வளைவைப் போட்டுவிட்டேன். ஏறுவதற்கு முன் சில நொடி காத்திருக்கச் சொல்லும் ஒரு செட்டிங்கும் பயாஸில் இருந்தது. அதைப் போட்டதும் மூச்சு வாங்கும் விளையாட்டு நின்றது.

750இல் அந்த ஒன்பது இறக்கைக் கணக்கு 112 ஹெர்ட்ஸ்தான். என் குரலுக்கு வெகு கீழே. 130க்கு அடியில் இருப்பதை ஃபில்டர் போட்டு வெட்டிவிட்டால் குரலில் ஒரு கீறல்கூட விழுவதில்லை.

யாருக்கு ஆகாது என்றும் சொல்ல வேண்டும். பெட்டியில் 180 வாட் தாங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை எப்படி அளப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி ஏதும் இல்லை, ஆளாளுக்கு ஒரு அளவுகோல். ரைசன் 7 5800எக்ஸ் போன்று 142 வாட் வரை இழுக்கும் ப்ராசஸருக்கு இதை நான் வாங்க மாட்டேன். உயரமான மெமரிக் குச்சிகள் வைத்திருப்பவர்களும் யோசியுங்கள். ஃபேன் முதல் ஸ்லாட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டு வருகிறது. என்னுடையவை குட்டை, தப்பித்தேன். கேபினெட் கதவுக்கும் குழாய் நுனிக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர்தான் இடைவெளி, வாங்குமுன் அளந்துவிடுங்கள்.

மூன்று மாதம் ஆகிறது. தகடுகளின் முன்பக்கம் மெல்லிய தூசிப் படலம், தூரிகையால் தட்டினால் போய்விடுகிறது. பேரிங் இன்னும் கடகடக்கவில்லை. தம்பி வந்தபோது சைக்கிள் ட்யூப் துண்டுகளைப் பார்த்துவிட்டு, “என்னக்கா இது, பஞ்சர் ஒட்டியிருக்கியா?” என்றான். நான் ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, ஏழாம் பாடத்தின் பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்து ஓடவிட்டேன். பழையதில் ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவில் ஃபேன் மூச்சு வாங்கும் இடம் வந்ததும் முகத்தைச் சுளித்தான். அதற்கு முந்தைய ஆறு பாடங்களும் அப்படித்தான் இருக்கின்றன. திங்கட்கிழமையிலிருந்து முதல் பாடத்தை மறுபடி வாசிக்கப்போகிறேன்.