பையப் படிக்கலாம், பரீட்சை பைய வராது

இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், 2022 ஜூலையில் தொலைநிலையில் எம்.ஏ. ஆங்கிலத்துக்குச் சேர்ந்தேன், 2025 ஜூனில் கடைசித் தாள் எழுதினேன். இரண்டு வருடப் படிப்பு, மூன்று வருடம் ஆனது. இந்தப் படிப்புக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் மூன்றரை. குறைத்த ஒன்றரையில் ஒன்று என் சோம்பலுக்கு, பாக்கி அரைதான் இக்னோவுக்கு.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். வெளிச்சம் வருவதற்கு முன்னால் அப்பாவோடு ரப்பர் விளையில் பால் வெட்டப் போய்விட்டு, பத்து மணிக்கு ஒரு டைல்ஸ் கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறவன் நான். படித்தது பி.காம். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் ஆங்கிலம் எம்.ஏ. சேரலாம் என்று தெரிந்த அன்றே பணம் கட்டிவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது "பைய படிச்சா போதும் மக்களே, யாரு உன்ன வெரட்டுகா?" என்றார். அந்த "பைய" என்ற வார்த்தையை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சேரும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான் சேர்ந்தபோது என் படிப்பு 64 கிரெடிட், எட்டுத் தாள், ஒவ்வொன்றும் 8 கிரெடிட். அதாவது ஒரு தாளுக்கு 240 மணி நேரம், முதல் வருடத்தின் நான்கு தாளுக்கு 960 மணி நேரம். ஜூலையில் சேர்ந்து அடுத்த ஜூனில் நான்கையும் எழுதவேண்டும் என்றால் நாள் தவறாமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்காரவேண்டும், கல்யாண வீடு, கோயில் கொடை, காய்ச்சல் எதற்கும் லீவு கிடையாது. உன் வேகத்தில் படி என்கிறார்கள், சரிதான். ஆனால் இரண்டு வருடத்தில் முடிக்கிற வேகம் எது என்று அவர்களே போட்டுவைத்த கணக்கு இது. நான் முதல் ஆறு மாதம் புத்தகத்துக்கு அட்டை மட்டும் போட்டேன். 2023 ஜூனில் நான்கு தாளுக்குப் பதில் ஒன்றே ஒன்று எழுதினேன்.

புத்தகங்களைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. எதிரில் ஆசிரியர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, சின்னச் சின்ன யூனிட்டாகப் பிரித்து, நடுநடுவே கேள்வி கேட்டு, கடைசியில் விடைக்குறிப்பும் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். சில யூனிட் அருமை, சில யூனிட் தூக்க மாத்திரை. எல்லாமே இக்னோவின் இ-ஞான்கோஷ் தளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கிறது, சேராதவர்கள்கூட எடுத்துப் படிக்கலாம். அச்சுப் புத்தகம் வேண்டாம், பிடிஎஃப் போதும் என்று சேரும்போதே சொன்னால் கட்டணத்தில் 15 சதவீதம் குறையும். நான் அச்சுப் புத்தகம்தான் கேட்டேன். போனில் வாசிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோரில் போய் நிற்பேன் என்று எனக்கே தெரியும்.

உண்மையான கடிகாரம் அசைன்மென்ட்தான். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. கையால் எழுதி, தேர்வுக்கு முன்பே படிப்பு மையத்தில் கொடுக்கவேண்டும். கடைசித் தேதியைத் தள்ளிப்போடும் வழக்கமும் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்தால் ஒருநாள் மாட்டுவீர்கள். நான் மாட்டியது வேறு விதத்தில். இரண்டாம் வருடத் தாள் ஒன்றுக்கு, போனில் ஏற்கெனவே கிடந்த கேள்வித்தாளைப் பார்த்து இருபத்தைந்து பக்கம் எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், அது முந்தைய வருடத்துக் கேள்வி. செல்லாது. மழை பெய்ததால் பால் வெட்டு இல்லாத நான்கு நாளும் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். அம்மா சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, "நேத்து எழுதினது என்ன ஆச்சு?" என்று கேட்டாள். என்ன சொல்ல? ஒரு லாபம் உண்டு, இரண்டாவது தடவை எழுதிய அந்தத் தாளில்தான் எனக்கு அதிக மார்க்.

அப்புறம் மறுபதிவு. முதல் வருடத் தேர்வில் பாஸ் ஆனாலும் ஆகாவிட்டாலும், ஏன் எழுதவே இல்லை என்றாலும், இரண்டாம் வருடத்துக்கான பதிவை உரிய காலத்தில் ஆன்லைனில் போட்டுப் பணம் கட்டவேண்டும். "முதல் வருஷமே பாக்கி கிடக்கு, அதை முடிச்சுட்டுக் கட்டலாம்" என்று நினைக்கிறவர்கள்தான் சும்மா ஒரு வருடத்தை இழக்கிறார்கள். தேர்வுக்கும் தானாகப் பெயர் போய்விடாது, தனியாகப் படிவம் நிரப்பவேண்டும், தாளுக்கு 200 ரூபாய் கட்டினேன். கல்லூரியில் இதையெல்லாம் ஆபீஸ் கிளார்க்கும் கிளாஸ் லீடரும் நினைவுபடுத்துவார்கள். இங்கே மாணவன், கிளார்க், லீடர் மூன்றுமே நாம்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டு, கட்டாயம் இல்லை. நான் போனது நான்கு தடவை. போயிருக்கலாம், பாடத்துக்காக இல்லாவிட்டாலும் கூடப் படிக்கிற நாலு பேர் முகத்தைப் பார்ப்பதற்காகவாவது.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள் ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் 12 வாரப் பாடம் ஒன்று எடுத்தாள். சேர்வது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு 1000 ரூபாய். வாரா வாரம் வீடியோ, வாரா வாரம் அசைன்மென்ட், தேதி போனால் போனதுதான். பன்னிரண்டில் நன்றாகச் செய்த எட்டை எடுத்து 25 மார்க், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. திட்டிக்கொண்டே செய்தாள், ஆனால் பன்னிரண்டாவது வாரம் அவளுக்குப் பாடம் முடிந்திருந்தது. அதே மூன்று மாதத்தில் நான் முடித்தது ஒன்றரை புத்தகம். கயிறு குட்டையாக இருந்தால் மாடு சுற்றியே ஆகும், என் கயிறு நான்கு வருட நீளம். முதுகலைக்கு அதிகபட்சம் நான்கு வருடம், இளங்கலைக்கு ஆறு.

அதற்காக நீளக் கயிறு தப்பு என்று சொல்லமாட்டேன். தூத்தூரில் எனக்கு ஒரு கூட்டுக்காரன் இருக்கிறான், அவனும் இக்னோதான், பி.ஏ. ஆழ்கடல் போட்டில் போகிறவன், போனால் வாரக்கணக்கில் கடல்தான். வாரா வாரம் அசைன்மென்ட் என்று சொன்னால் அவன் படிப்பு அன்றோடு முடிந்தது. எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். இக்னோவில் தேர்வு வருடத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் டிசம்பரிலும். ஜூன் தேர்வு அப்போதுதான் தொடங்குகிறது. அவன் டிசம்பர் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை, வருடத்துக்கு ஒரு தடவை ஜூனில் மட்டும் எழுதுவான். அசைன்மென்ட்டைக் கடலில் எழுதிக் கொண்டுவருவான், தாளில் மீன் வாசம் அடிக்கும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். "நீ எதுக்கு மக்கா ரெண்டு பக்கமும் ஓடுக? உனக்கு எப்ப வேல இல்லையோ அத பாரு" என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ரப்பர் இலை உதிரும் பிப்ரவரி, மார்ச்சில் எங்களுக்கு வெட்டு நிற்கும். அந்த இரண்டு மாதத்தை அசைன்மென்ட்டுக்கு ஒதுக்கியதற்கு அப்புறம்தான் என் வண்டி ஓடத் தொடங்கியது. டிசம்பரில் எழுதப்போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை, டில்லியில் போடும் அட்டவணைக்கு அது தெரியாது. அந்தச் சமயம் நாகர்கோவிலில் தேர்வு மையம் விழுந்தால் ஒரு பஸ் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தையும் சொல்லவேண்டும். டிப்ளமோ முடித்த என் அத்தை மகன், "வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் இன்ஜினியரிங் டிகிரி" என்று போர்டு போட்டிருந்த ஒரு சென்டரில் 15,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தான். இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம் எல்லாம் தொலைநிலையில் நடத்த பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அனுமதிப்பதில்லை. ஐந்து நிமிடம் யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தைப் பார்த்திருந்தால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்புக்கு அனுமதி என்று தெரிந்திருக்கும். பணம் இன்னும் திரும்பவில்லை. 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர ஒவ்வொருவருக்கும் டெப் ஐடி என்று அந்தப் பிரிவின் தளத்தில் எடுக்கும் ஒரு அடையாள எண் வேண்டும். அதை உங்கள் சொந்த நம்பர், சொந்த மெயில் கொடுத்து நீங்களே உருவாக்குங்கள், பிரவுசிங் சென்டர் அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்கு அவர் கடை திறக்கும்வரை காத்துக்கிடக்க வேண்டாம்.

"தபாலில் படித்ததுக்கு மதிப்பு உண்டா?" என்று கடைக்கு வருகிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-ல் தெளிவாகவே அறிவித்தது. கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே தொலைநிலையில் இன்னொரு பட்டம் படிக்கவும் அதே வருடம் வழி விட்டார்கள். தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்கள் 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம், நான் அதில் படித்ததில்லை.

அவர்களுக்கு நான் குறைத்த அந்த அரை மார்க் எதற்கென்றால், இவ்வளவு தேதியும் அவர்களிடம் இருக்கிறது, ஆனால் சேர்ந்த அன்றே ஒரு தாளில் மொத்தமாக எழுதிக் கையில் கொடுப்பதில்லை. நாமே தளத்தில் தேடிப் பொறுக்கவேண்டும். நான் கடைசியில் டைல்ஸ் கம்பெனி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு ரப்பர் சீட் உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில் மாட்டினேன். அப்பாதான் தினமும் அதைப் பார்ப்பார். என் கடைசித் தாளுக்கு முந்தின வாரம் "பைய" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, "இன்னும் ஆறு நாளுதான் மக்களே" என்றார்.

தூத்தூர்க்காரனுக்கு இன்னும் ஐந்து தாள் பாக்கி. அந்தக் காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான், சிக்னல் கிடைக்கிற தூரத்துக்குப் போட் வந்ததும் பார்ப்பானாம்.