ஆறு ஞாயிறு, ஒரு மூக்கு, ஒரு முத்து

எட்டாயிரம் ரூபாய் கட்டி ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயில் பெயின்டிங் வகுப்புக்குப் போய்வந்தேன். குறையும் சொல்லப்போவதால் வகுப்பின் பெயர் போடவில்லை. டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் வரைந்த ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ படத்தைப் பார்த்து அப்படியே வரைவதுதான் மொத்தப் பாடமும்.

முதல் நாளே சறுக்கல். கையில் தந்தது 12க்கு 16 இன்ச் கேன்வாஸ். ஒரிஜினல் 39க்கு 44.5 செ.மீ., கிட்டத்தட்டச் சதுரம். கட்டம் போட்டுப் பார்த்தால் உயரத்தில் இரண்டு இன்ச்சுக்கு மேல் மிச்சம். “மேலே கருப்பு அடிச்சிடுங்க” என்றார் சார். ஒரிஜினலின் பின்னணி வெறும் கருப்பே இல்லை. 2018இல், அந்தப் படம் இருக்கும் நெதர்லாந்தின் ஹேக் நகர மியூசியத்தில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பின்னால் பச்சைத் திரை ஒன்று இருந்திருப்பது தெரிந்தது. காலப்போக்கில் மங்கிவிட்டது. சாரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு நகர்ந்தார்.

ஆனால் அதே சார்தான் நாலாவது வாரம் கட்டிய காசுக்குப் பலன் கிடைக்கச் செய்தார். மூன்று வாரமாக நான் மூக்கைக் கோடு போட்டே வரைந்து, கிளி மூக்கு மாதிரி வந்துகொண்டிருந்தது. கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொன்னார். மூக்குத்தண்டுக்கும் அந்தப் பக்கத்துக் கன்னத்துக்கும் நடுவில் கோடே இல்லை! இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கரைந்து கிடக்கின்றன. ஈரம் காயுமுன் காய்ந்த பிரஷ்ஷால் விளிம்பை லேசாகத் தடவினேன். தட்டையாக இருந்த முகம் நிஜமாகவே திரும்பிப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

முத்தும் அப்படித்தான். மேலே தடிப்பாக ஒரு வெள்ளை, கீழே காலரின் வெளிச்சம் பட்டு மங்கலாக இன்னொரு தீற்றல், அவ்வளவுதான். காதில் மாட்டக் கொக்கிகூட வரையவில்லை அந்த மனுஷர்.

மற்றபடி, ஜன்னல் திறக்காத ஏசி ரூமில் பத்துப் பேர் பெயின்ட்டைக் கரைக்கும் டர்பன்டைன் டப்பாவைத் திறந்துவைத்தால் தலைவலிக்காமல் என்ன செய்யும்? வகுப்பில் தரும் பிரின்ட்டும் மஞ்சளடித்தது. மியூசியம் வெப்சைட்டிலேயே பெரிய சைஸ் படம் இலவசம், டேப்லெட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். அடிப்பூச்சுக்கு பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு பெயின்ட் தருகிறார்கள், அது சரியான தேர்வு, சீக்கிரம் காய்கிறது. வெள்ளை டியூப் மட்டும் சொந்தமாக வாங்கிப் போங்கள். அவர்கள் கொடுப்பது இரண்டாவது வாரமே காலி.