ஃபில்டரைக் கவ்வும் ஃபின் உறையா, தனி ஆயில் கூலரா?

ஹார்லி டேவிட்சன் 1999 முதல் 2017 வரை தன் பெரிய மோட்டார் சைக்கிள்களில் பொருத்திய ட்வின் கேம் எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை காற்றால் மட்டுமே குளிர்பவை என்பதால், அவற்றில் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தையும் கணிசமாகச் சுமக்கிறது. அந்தச் சூட்டைக் குறைக்க, ஆயில் ஃபில்டரின் மேல் கவ்விப் பொருத்தும் அலுமினிய ஃபின் உறை (ஃபின் என்பது வெப்பத்தைக் காற்றில் விடும் மெல்லிய இதழ்) ஒரு வழி. ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே அடாப்டர் வைத்து, ஹோஸ் வழியாக இணைக்கும் ஆயில் கூலர் மற்றொன்று. என் வண்டிக்கு நான் தேர்ந்தது கூலரை.

விலையிலும் பொருத்தும் எளிமையிலும் உறையே முந்துகிறது என்பதில் வாதமில்லை. கேள்வி, வெப்பம் எந்தப் பாதையில் வெளியேறுகிறது என்பதே. ஃபில்டருக்குள் டப்பாவின் சுவரை ஒட்டியிருக்கும் ஆயில் மெதுவாக நகர்கிறது. ஆயிலோ தண்ணீரில் கால்பங்கு அளவுக்கே வெப்பத்தைக் கடத்தும். அந்தத் தடையைத் தாண்டி வரும் வெப்பம் தகட்டையும் பெயின்டையும் கடந்து, டப்பாவுக்கும் உறைக்கும் நடுவில் தங்கும் மெல்லிய காற்றிடைவெளியைச் சந்திக்கிறது. காற்றைவிட அலுமினியம் பல ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்றாலும், அந்த இடைவெளி இருக்கும் வரை அச்சிறப்பு முழுமையாகப் பயன்படாது. தெர்மல் பேஸ்ட் தடவினால் இடைவெளி அடைபடும், ஆனால் ஆயிலின் மந்தம் அப்படியே இருக்கும். கூலரிலோ ஆயில் முழுவதும் குறுகிய குழாய்களுக்குள் பிரிந்து உலோகத்தை உரசிச் செல்கிறது. ஃபின்களும் குழாயோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டவை.

தாராளமாகக் கணக்கிட்டாலும், ஓடும் வண்டியில் உறை வெளியேற்றுவது நூறு, இருநூறு வாட் அளவில்தான் இருக்கும். நல்ல கூலர் கிலோவாட் கணக்கில் வெளியேற்றும். ட்வின் கேமில் ஃபில்டர் எஞ்சினின் முன்புறம் காற்றில் நிற்பதால் உறைக்கு இந்த அளவாவது கிடைக்கிறது. பானெட்டுக்குள் ஃபில்டர் ஒளிந்திருக்கும் காரில் இதுவும் கிடைக்காது.

கூலரின் குறை பராமரிப்பில் உள்ளது. ஒவ்வொரு ஹோஸ் இணைப்பும் கசியக்கூடிய இடம் என்பதால் அடிக்கடி பார்த்துவர வேண்டும். தெர்மோஸ்டாட் (ஆயில் சூடேறும் வரை அதைக் கூலருக்குள் செல்லவிடாமல் தடுக்கும் வால்வு) இல்லாத கூலரை வாங்கவே கூடாது. குளிர்ந்த காலையில் ஆயில் போதிய சூடு ஏறாவிட்டால், அதில் கலந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும்.

சிக்னலில் நிற்கும்போது இரண்டுமே பெரிதாக உதவுவதில்லை. அதற்கென விசிறி வைத்த கூலர்கள் விற்கப்படுகின்றன, ஆனால் நான் அவற்றைப் பயன்படுத்தியதில்லை. விசிறி இழுக்கும் மின்சாரத்தை வண்டியின் சார்ஜிங் அமைப்பு தாங்குமா என்று கேட்டறிந்த பிறகே வாங்குவது நல்லது.