ஊசிக் காது தெரியாதபோது: எந்தக் கருவி யாருக்கு உதவும்?

தையல் சாமான் கடையில் ‘நீடில் த்ரெடர்’ என்று கேட்டால், பெண் முகம் பொறித்த சின்னத் தகரத் துண்டு ஒன்றை எடுத்துத் தருவார்கள். அதன் நுனியில் மெல்லிய கம்பி சாய்சதுரமாக வளைந்திருக்கும். கம்பியை ஊசிக் காதில் நுழைத்து, விரிந்த வளையத்துக்குள் நூலை விட்டுப் பின்னால் இழுத்தால் நூல் காதுக்குள் வந்துவிடும். விலை சில ரூபாய்தான். ஆனால் கம்பியை முதலில் காதுக்குள் நுழைத்தாக வேண்டுமே? நூலை நுழைக்க முடியாத அளவுக்குப் பார்வை மங்கியவருக்கு, கம்பியை நுழைக்க மட்டும் காது எப்படித் தெரியும்?

அதனால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? நாற்பது ஆண்டுகள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்த கை, தையலை மறப்பதில்லை. தடுப்பது அந்த ஒரு துளை. ‘கண்ணு, இதைக் கொஞ்சம் கோத்துக் கொடு’ என்று பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்திக்காக மாலைவரை காத்திருக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

கருவிகளுக்கு முன்னால் கண்ணாடி. நாற்பது வயதையொட்டிக் கண்ணின் லென்ஸ் இறுகத் தொடங்குவதால் வருவது வெள்ளெழுத்து. இந்தக் குறை மட்டும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கருவியே தேவைப்படாது. படிப்பதற்காக எழுதித் தரும் கண்ணாடி ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்துக்கானது. ஊசி கோக்கும்போதோ நாம் 25 செ.மீ. அளவுக்கு நெருங்கிவிடுகிறோம். அந்தத் தூரத்துக்கு இன்னும் ஒன்றரை பவர் கூடுதலாக வேண்டும். செய்தித்தாள் தெளிவாகத் தெரிந்தும் ஊசிக் காது தெரியாமல் போவது இதனால்தான். கண் மருத்துவரிடம் ‘தைக்க வேண்டும்’ என்று சொல்லித் தனிக் கண்ணாடி கேட்டுப் பாருங்கள்.

கண்புரை அறுவை முடிந்தவர்களில் சிலர், ‘முன்பு கண்ணாடியில்லாமலே ஊசி கோத்தேன், இப்போது முடியவில்லை’ என்று வருந்துகிறார்கள். அறுவை தவறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். லென்ஸின் நடுப்பகுதியில் வளரும் புரை சிலருக்குக் கிட்டப்பார்வையை உண்டாக்கும். அப்போது அருகில் இருப்பது மட்டும் நன்றாகத் தெரியும். அறுவையில் வைக்கும் சாதாரண லென்ஸ் பெரும்பாலும் தூரத்துக்குப் பொருந்துவது. கிட்ட வேலைக்குக் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும். மதுரையிலும் கோவையிலும் முகாம்களில் அறுவை செய்துகொண்ட எத்தனையோ பாட்டிகளுக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெளிச்சமும் கண்ணாடியைப் போலவே முக்கியம். அறுபது வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கூரை விளக்கு போதாது. தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி ஒரு மேசை விளக்கை வையுங்கள். ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பிடியுங்கள். நூலே வெள்ளை என்றால் கறுப்புத் துணி. விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி வாங்கினால், கழுத்தில் மாட்டுவதோ மேசையில் நிற்பதோதான் சரி. கையில் பிடிக்கும் வகைக்கு மூன்றாவது கை வேண்டும்.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து, பார்க்கும் இடத்திலேயே மறைப்பு விழுபவர்களுக்கும், பார்வை முழுதும் போனவர்களுக்கும் இவையெல்லாம் போதாமல் போகலாம். அவர்களுக்குத் தொட்டு உணர்ந்து செய்யும் கருவி வேண்டும்.

அந்த வரிசையில் முதல் இடத்தை மேசை த்ரெடருக்குத்தான் கொடுப்பேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி. மேலே உள்ள குழியில், காது கீழே இருக்கும்படி ஊசியை இறக்குவீர்கள். நூலைக் குறுக்கே உள்ள பள்ளத்தில் கிடத்துவீர்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு நூலைக் காது வழியே தள்ளிவிடும். மறுபக்கம் வந்த சுருக்கை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். காதை எந்தக் கட்டத்திலும் பார்க்கத் தேவையில்லை. குழி, பள்ளம், பொத்தான் மூன்றும் விரலுக்குத் தட்டுப்படும். குறைகளும் உண்டு. மிகச் சன்னமான ஊசியும் எம்பிராய்டரிக்கான தடித்த நூலும் இதற்கு ஒத்துவராது. நூல் வரவில்லை என்று பலமாக அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு உடைந்துவிடும். ஊசியைச் சற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி அழுத்துவதே முறை. விலை தகரத் த்ரெடரைவிடப் பல மடங்கு. ஆனாலும் தினமும் கையால் தைப்பவர் வீட்டில் இது இருக்க வேண்டும்.

அடுத்தது பிளவுக் காது ஊசி. காதின் தலையில் மேல்நோக்கிய சிறு பிளவு இருக்கும். நூலை இழுத்துப் பிடித்து அதன்மேல் அழுத்தினால் ‘டக்’ என்று உள்ளே இறங்கும். தனிக் கருவி வேண்டாம், கண்ணும் வேண்டாம். சட்டைப் பொத்தான் வைக்க, கிழிசலை மூட இது போதும். நீளமான வேலைக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளவின் ஓரம் நூலை உரசிப் பிரித்துவிடும். சில நேரம் நூல் வந்த வழியே நழுவியும் போகும். தலை சற்றுப் பருமன் என்பதால் நெருக்கமான துணியில் இழுக்கும்போது சிக்கும். பக்கவாட்டில் பிளவு உள்ள ஊசியும் வருகிறது. அதில் நூல் நழுவுவது குறைவு, பழகத்தான் நாளாகும்.

தகரத் த்ரெடருக்கும் இடம் உண்டு. ஆறு பிரி எம்பிராய்டரி நூல், கம்பளி நூல் போன்றவற்றைப் பெரிய காதில் ஏற்ற அதைவிட எளிய வழி கிடையாது. கம்பி விறைப்பானது, நூலைப் போல நுனி வளையாது என்பதால் கொஞ்சமாவது பார்வை உள்ளவருக்கு அது உதவவே செய்கிறது. கம்பி தகரத்தோடு சேரும் இடத்தில்தான் அறுந்துபோகும். ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வையுங்கள்.

செலவே இல்லாத ஒரு மாற்றமும் உண்டு. சாதாரணக் கைத்தையல் ஊசிக்குப் பதிலாக, அதே எண்ணுள்ள எம்பிராய்டரி ஊசியை எடுங்கள். பருமன் அதேதான்; காது மட்டும் நீளம். கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி சன்னமாகும் என்பதால், 9-ஐ எடுத்துக் கண்ணைக் கசக்குவதைவிட 7-க்கு இறங்கிவிடலாம். நூலைப் பல்லால் கடிக்காமல் கூரான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். எச்சில் தொட்டால் பருத்தி நூல் உப்பும். தேன்மெழுகில் ஒரு முறை இழுத்தால் நுனி விறைப்பாக நிற்கும்.

மெஷினில் தைப்பவர்களுக்கு: புதிய மின்சார மெஷின்கள் பலவற்றில் நூல் கோக்கும் கொக்கி கூடவே வருகிறது. ஊசி உச்சியில் நின்றால்தான் அது வேலை செய்யும். பொதுவாக 11 முதல் 16 எண் ஊசிகளுக்குப் பொருந்தும். பழைய கால்மிதி மெஷினில் அந்த வசதி கிடையாது. ஆனால் மெஷின் ஊசியில், நூல் நுழையும் பக்கம் நீளமான பள்ளம் ஒன்று காதுவரை ஓடுகிறது. நகத்தால் தடவினால் தெரியும். காது எங்கே என்பதை அந்தப் பள்ளமே காட்டிக்கொடுக்கும்.

கை நடுங்குபவர்களுக்குப் பெட்டியும் சிரமம், பிளவு ஊசியும் சிரமம். அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்யலாம். வீட்டுக்கு யாராவது வரும்போது, நூல்கண்டின் நூலை அறுக்காமலே பத்து ஊசிகளை வரிசையாகக் கோத்துவிடச் சொல்லுங்கள். தைக்கும்போது நுனியில் உள்ள ஊசியோடு வேண்டிய நீளத்தை இழுத்து, மற்ற ஊசிகளைக் கண்டின் பக்கம் தள்ளிவிட்டு, இடையில் வெட்டினால் போதும். வெட்டியதும் கண்டின் பக்கத்து நூல் நுனியை அதன் ஓர வெட்டில் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் மீதி ஊசிகள் உருவிக்கொண்டு விழுந்துவிடும். கறுப்புக்கு ஒரு கண்டு, வெள்ளைக்கு ஒரு கண்டு இப்படித் தயாராக இருந்தால் அடுத்த விருந்தாளி வரும்வரை தாங்கும்.

மேசை த்ரெடர் வாங்கப் போகிறவர்கள், வீட்டில் தைக்கும் ஊசியையும் நூலையும் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே கண்ணை மூடிக் கோத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.