மூன்று நிமிடப் பேச்சுக்கு ஒரு படம்: லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளம் எப்படி?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் போன மாதம் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வகுப்பின் முன்னால் மூன்று நிமிடம் பேச வேண்டும். கூகுளில் தேடினால் ஒரே படம் நூறு இடத்தில் கிடைக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள், யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. தேடித் தேடிக் கடைசியில் போய்ச் சேர்ந்தது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையப் படத் தொகுப்பு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை வந்தால் நேராக இங்கே போங்கள்.

காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அமெரிக்க அரசு புகைப்படக்காரர்களை வேலைக்கு வைத்து ஊர் ஊராக அனுப்பியது. அந்தத் திட்டத்தின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் மட்டுமே சுமார் 1,75,000 அந்த நூலகத்தில் இருக்கின்றன. அரசு வேலைக்காக எடுத்த படங்கள் என்பதால் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

மகள் தேர்ந்தெடுத்தது அந்தப் புகைப்படக்காரர்களில் ஒருவரான டோரதியா லாங் 1936இன் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த படம். பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளிகளின் முகாம், கன்னத்தில் கை வைத்த ஒரு தாய், மடியில் கைக்குழந்தை, தோளில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு பிள்ளைகள். பார்த்தால் பலருக்கும் தெரியும். இந்தத் தளம் எனக்குப் பிடித்துப்போன காரணம், அந்த ஒரு படத்தோடு அது நிற்கவில்லை. அதே இடத்தில் லாங் எடுத்த மற்ற படங்களும் இருக்கின்றன. ஒன்றில் தூரத்திலிருந்து முழுக் கூடாரமும் தெரிகிறது, முன்னால் நாற்காலியில் ஒரு பெரிய பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்றில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி, அதன்மேல் ஒரு தட்டு. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேமரா கிட்டே போகப் போகப் பெட்டியும் தட்டும் கூடாரமும் ஒவ்வொன்றாக வெளியே போய், கடைசியில் முகம் மட்டும் மிஞ்சுவது தெரியும். பேச்சுக்கு வேண்டிய விஷயம் அங்கேயே கிடைத்துவிட்டது.

இது புரிவதற்கு முன்னால் அவள் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தாள், முழுக்க லாங்கின் வாழ்க்கை வரலாறு. ராத்திரி கூடத்தில் நின்று ஒப்பித்துக் காட்டினாள். என் அம்மா கேட்டுவிட்டு, "ஏம்மா, படத்துல என்ன இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே" என்றார். சரியான கேள்வி. அத்தனையையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினோம். படத்தைத் திரையில் போட்டு முதல் பத்து நொடி எதுவும் பேசாமல் நிற்பது, பிள்ளைகள் பார்க்கட்டும். அப்புறம் கை, சட்டையின் கிழிசல், திரும்பிய முகங்கள் என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வது. அதற்குப் பிறகுதான் தூரத்துப் படம்.

அடுத்தது கட்டைவிரல். படத்தின் வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் தெரிந்தது, அது உறுத்துகிறது என்று லாங் பின்னாளில் நெகட்டிவிலேயே அதை மறைக்க வைத்தார். மறைக்காத பழைய பிரிண்டும் அந்தத் தளத்தில் இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியபோது கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டிப் பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. தேடல் பெட்டி அந்தக் காலத்துத் தலைப்புச் சொற்களை வைத்துத் தேடுகிறது, அதனால் நாம் நினைக்கும் சொல்லைப் போட்டால் கிடைக்காமல் போகலாம். எல்லாம் ஆங்கிலத்தில்தான். பெரிய டிஃப் கோப்பைத் தொட வேண்டாம், பள்ளிக் கணினியில் அது திறக்கவில்லை, பெரிய அளவு ஜேபெக் தாராளமாகப் போதும். தலைப்பில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கவும் கூடாது. 'ஏழு பிள்ளைகளின் தாய், வயது முப்பத்திரண்டு' என்று இருக்கிறதே தவிர அவர் பெயர் இல்லை, லாங் கேட்கவே இல்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது, தன்னை அப்படிப் படம் எடுத்ததில் அவருக்கு வருத்தமே இருந்தது. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதியதையும் அந்தக் குடும்பம் மறுத்தது. இதைச் சொல்ல மகள் அரை நிமிடம் ஒதுக்கினாள், எனக்கு அதுதான் பேச்சிலேயே முக்கியமான இடமாகத் தோன்றியது.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வகுப்பில் சுற்றுக்கு விட ஒரு படத்தை ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்தோம். தாள் முழுக்க நிரம்ப வேண்டும் என்று அவர்களாகவே ஓரத்தை வெட்டிவிட்டார்கள், கட்டைவிரல் இருந்த மூலையே போய்விட்டது! இன்னொரு முறை காசு கொடுத்து எடுத்தோம். ஓரத்தில் வெள்ளை விட்டாலும் பரவாயில்லை, முழுப் படமும் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளி புரொஜெக்டரில் இருண்ட பகுதிகள் வெளுத்துத் தெரியும், முந்தின நாளே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் அந்தத் தேடல் பெட்டிக்காகக் குறைத்தது. மகள் அடுத்த பேச்சுக்கும் அதே தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள். அந்தத் திட்டத்தின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் வேண்டாம் என்று ஒதுக்கிய நெகட்டிவ்களில் ஓட்டை போட வைத்திருக்கிறார், அந்த ஓட்டை படத்தில் கறுப்பாக விழும். மகள் எடுத்து வைத்த படத்திலும் வயல் நடுவே கன்னங்கரேலென்று அப்படி ஒரு வட்டம் இருக்கிறது.