உள்ரூம் கதவு உரசினால் உடனே இழைக்க விடாதீர்கள்

பாபநாசத்தில் எங்கள் வீடு. ஐப்பசி அடைமழையில் அம்மா படுக்கும் ரூமின் கதவு தரையில் உரச ஆரம்பித்தது. முழங்கால் வலியோடு ராத்திரி எழுந்து அந்தக் கதவை இழுக்க அம்மா படும் பாட்டைப் பார்க்க முடியாமல், கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துப் போன் போட்டேன். வந்தவர் பெயர் இங்கே வேண்டாம். செய்த வேலையைச் சொல்கிறேன்.

அவர் கீலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மழைல மரம் உப்பிடுச்சு தம்பி, இழைச்சா சரியாயிடும்" என்றார். கதவைக் கழற்றிப் போட்டு அடியில் அரை அங்குலம் இழைத்தார், தாழ்ப்பாள் பக்கமும் இழைத்தார். அது ஃப்ளஷ் டோர், அதாவது உள்ளே பலகை வைத்து இரண்டு பக்கமும் ப்ளைவுட் ஒட்டி, ஓரத்தில் கட்டை அடித்த கதவு. ஓரத்துக் கட்டையெல்லாம் போய் உள்ளே இருந்த பலகை வெளியே தெரிந்தது. அந்த வெட்டுக்கு ஒரு கை வார்னிஷ்கூட அடிக்கவில்லை. பூச்சில்லாத மரம் ஈரத்தை இன்னும் குடிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

கார்த்திகை முடிவதற்குள் கதவின் மேல்மூலை நிலையில் இடித்தது, தாழ்ப்பாள் விழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஸ்க்ரூ டிரைவரால் நிலையை நாலு தட்டு தட்டி, "உள்ள கரையான் அரிச்சிருக்கு, நிலையோட மாத்தணும், 22,000 ஆகும்" என்றார். அம்மா பயந்துவிட்டார். முன்பணம் 5,000 ஜிபேயில் போட்டேன். அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

வெயில் ஏற ஏற மரம் காய்ந்து கதவு ஒடுங்கியது. அடியில்தான் ஏற்கெனவே அரை அங்குலம் இழைத்திருந்தாரே, பங்குனியில் அங்கே என் இரண்டு விரல் நுழைந்தது. ஒருநாள் அந்தச் சந்து வழியாகப் பூரான் ஒன்று அம்மா பாய் வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் தெற்குத் தெருவில் தச்சுவேலை செய்யும் பெரியவரை அழைத்து வந்தேன். அவர் முதலில் செய்தது இதுதான்: கதவைப் பாதி திறந்து, கைப்பிடி பக்கம் இரண்டு கையாலும் மெல்ல மேலே தூக்கினார். "மேல் கீலைப் பாருங்க தம்பி" என்றார். கீல் பட்டை நிலையைவிட்டு ஆடியது. நாலு ஸ்க்ரூவில் இரண்டு ஸ்க்ரூ வெறும் விரலாலேயே உருவி வந்தன. கதவின் கனம் முழுக்க மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ்க் கீலை உள்ளே அழுத்தும். அதனால் முதலில் தளர்வது மேல்கீல்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் கதவு மாட்டியவர் ஸ்க்ரூவைத் திருகாமல் சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார், ஓட்டை அப்போதே பிய்ந்துவிட்டது என்றார் பெரியவர். அரை அங்குல ஸ்க்ரூ வேறு.

கரையானா என்று கேட்டேன். உளி முனையை நிலையில் பல இடத்தில் குத்திக் காட்டினார், இறங்கவே இல்லை. மண்புற்றுக் கோடும் எங்கேயும் இல்லை. தாத்தா வைத்த தேக்கு நிலை அது.

மூங்கில் சிம்பில் ஃபெவிகால் தடவி ஓட்டைகளில் இறுக்கி அடைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டார். மறுநாள் நிலையை மீறி நிற்கும் சிம்பை உளியால் செதுக்கிவிட்டு, சின்னத் துளை போட்டு இரண்டு அங்குல ஸ்க்ரூவைத் திருகினார். கதவு பழையபடி நேராக நின்றது. கூலி 300. இழைத்துப்போன அடிக்குக் கட்டை ஒட்டத்தான் தனியாகச் செலவானது.

உங்கள் வீட்டுக் கதவையும் தூக்கிப் பாருங்கள். கீல் பக்கம் மேலே இடுக்கு அகலமாகி, எதிர்ப்பக்க மேல்மூலை நிலையில் முட்டி, அடியும் உரசினால் கீலைப் பாருங்கள். கீல் ஆடாமல், ஓரம் நெடுக ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால்தான் ஈரத்தில் உப்பியது. அதற்கும் மழைக்காலத்தில் இழைக்க விடாதீர்கள், தை மாசி வரை பொறுங்கள். நிலையை மாற்றச் சொன்னால் உளியால் குத்திக் காட்டச் சொல்லுங்கள். பில்லோ எழுத்தோ இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது ஜிபே ரசீது ஒன்றுதான். 5,000 இன்னும் வரவில்லை.