கல்குடா, உன்னிச்சை, உகந்தை: பிள்ளைகளோடு முதல் கூடார இரவு எங்கே?

கூடாரம் என்றதும் மாமி சிரித்துவிட்டார். "உகந்தையில மரத்துக்குக் கீழ பாயப் போட்டுப் படுத்துத்தானே கதிர்காமத்துக்கு நடந்த நாங்க. அதுக்கு இப்ப சிப்பு வெச்ச துணி வீடு வேணுமா புள்ள?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் பாதயாத்திரையில் முன்னும் பின்னும் கூட்டம் இருக்கும், வழியில் அன்னதானமும் கிடைக்கும். மட்டக்களப்பில் இருந்து நாங்கள் போவது நாலே பேர்: நானும் இவரும், ஆறு வயது மகளும், மூன்று வயதுச் சின்னவனும். சின்னவன் இரவில் பம்பர்ஸ் விட்டு இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. இடத்தைத் தேடும்போது நான் முதலில் பார்த்தது காட்சியை அல்ல, கக்கூஸ் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதைத்தான்.

இவரின் ஆசை உகந்தை. முருகன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே தொடங்கும் குமண தேசிய பூங்காவுக்குள் ஓர் இரவு. யுத்தத்தால் பல வருடம் மூடிக் கிடந்து 2003இல் திறந்த காடு அது. வில்லு என்று சொல்லும் சதுப்புக் குளத்துக்குள் பறவைகள் கூடு கட்டும் வைகாசி, ஆனி மாதங்களில் போனால் கண்கொள்ளாக் காட்சி என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மட்டக்களப்பில் இருந்து பொத்துவிலுக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்குப் பிறகு பாணமை, அதையும் தாண்டிக் காட்டுப் பாதை. உள்ளே தங்க வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். தண்ணீர், சாப்பாடு, வெளிச்சம் எல்லாம் நாங்களே கொண்டுபோக வேண்டும். நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யானையும் கரடியும் திரியும் பாதையில் திரும்பி வர முடியாது. சின்னவனுக்கு ஏழு வயதாகட்டும் என்று சொல்லிவிட்டேன். இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

உன்னிச்சைதான் என்னைக் குழப்பியது. வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகப் போனால் காலைச் சோறு செமிக்க முன் குளக்கட்டில் நிற்கலாம். மருத மர நிழல், கரையில் எருமைகள், வாங்கிக்கொள்ள நல்ல தயிர். டவுன் குழாயில் வரும் தண்ணீரின் ஊற்று இதுதான் என்று மகளுக்குக் காட்டவும் ஆசை. வயல்களின் தண்ணீர் விவகாரம் பார்க்கும் வட்டவிதானை ஒருவர் தெரிந்தவர், அவரிடம் விசாரித்தோம். "பகலில வாங்க, பொழுதுபட முந்தி கிளம்பிருங்க" என்றார். வயல் வட்டைகளுக்குள் யானை இறங்கும்; பரணில் காவல் இருப்பவர்கள் யானை வெடி கொளுத்துவார்கள். துணிச்சுவருக்குள் படுத்திருக்கும் பிள்ளை அந்தச் சத்தத்துக்கு எழும்பினால் பிறகு விடிய விடியக் கச்சேரிதான். அரிசி, பழம், உப்பு வாசம் யானையைக் கூட்டிவரும் என்பதால் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. குளத்தில் முதலைப் பயம் வேறு. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் எண்ணத்தையே விட வேண்டும். உன்னிச்சை பகல் பயணத்துக்குச் சரி, இரவுக்குச் சரிவராது.

மிஞ்சியது கடற்கரை. அதிலும் பாசிக்குடாவா, கல்குடாவா என்று ஒரு வழக்கு. பாசிக்குடாவில் கடல் வெகுதூரம் வரை இடுப்பளவுதான். சின்னவன் விளையாட அதைவிட நல்ல கடல் எங்கள் பக்கம் இல்லை. ஆனால் கரை முழுக்க ஹோட்டல். கூடாரம் அடிக்க அமைதியான இடமில்லை. கல்குடாவில் இடமும் அமைதியும் உண்டு, ஆனால் அங்கே அலையும் இழுவையும் கூட. நான் கண்ட வழி: குளிப்பது பாசிக்குடாவில், படுப்பது கல்குடாவில். அதுவும் திறந்த கரையில் அல்ல, வேலி அடைத்த ஒரு விடுதி வளவுக்குள், சொந்தக்காரரிடம் முதலே பேசி. கிணறு, கக்கூஸ், லைற் மூன்றும் இருக்கும். வாழைச்சேனைக் கடைகள் கிட்ட. பிள்ளை அழுதால் ஒரு மணித்தியாலத்துக்குள் வீடு.

இடத்தை முடிவு செய்தாலும் காலம் ஒத்துவர வேண்டும். ஐப்பசியில் இருந்து தை வரை மழை. மார்கழி விடுமுறையை மறந்துவிடலாம். ஆவணி விடுமுறையில் வானம் வெளித்திருக்கும், ஆனால் கச்சான் காற்று பகலில் உடம்பை வறுக்கும். எனக்கு ஏப்ரல் விடுமுறைதான் பிடித்திருக்கிறது. வெக்கைதான், ஆனால் கடல் அமைதி.

கூடாரம் வாங்குவதா, இரவல் எடுப்பதா? முதல் முறைக்கு இரவல். ஆறு பேர் கூடாரம் என்று எழுதியிருந்தால் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர், மூட்டைகள் என்று கணக்குப் பண்ணுங்கள். கடல் மணலில் கூடாரத்தோடு வரும் ஆணி நிற்கவே நிற்காது. வெறும் உரப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைத்தோம், அசையவில்லை. தென்னைக்குக் கீழே அடிக்க வேண்டாம், தேங்காய் நாள் பார்த்து விழுவதில்லை. எங்கள் கரையில் வெயில் கடலில் இருந்தே கிளம்பும். ஏழு மணிக்கே உள்ளே இடியப்பம் அவிக்கலாம். கிழக்குப் பக்கம் ஒரு படங்கை மறைப்பாகக் கட்டினால் இன்னும் ஒரு மணித்தியாலம் தூங்கலாம்.

விறகடுப்பா, கேஸ் அடுப்பா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காற்றில் பொறி பறக்கும், மூன்று வயதுக் கை எங்கேயும் போகும். கேஸ்தான், அதுவும் தேத்தண்ணிக்கும் பால் காய்ச்சவும் மட்டும். இரவுக்கு வீட்டில் இருந்து கட்டிய பிட்டும் பொரித்த மீனும், காலையில் பாணும் சம்பலும். நுளம்புச்சுருளைக் கூடாரத்துக்குள் கொளுத்தாதீர்கள். வலையின் சிப்பைப் பொழுதுபடும் முன்னே பூட்டுவதே போதும். பனடோல் சிரப், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி, ஆளுக்கொரு டோர்ச். மகளுக்குத் தனி டோர்ச் கொடுத்த பிறகு இருட்டுப் பயம் பாதி போய்விட்டது.

இதற்கெல்லாம் முன், ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வளவிலேயே, மாமரத்துக்குக் கீழே ஒத்திகை பார்த்தோம். பத்தரை மணிக்குச் சின்னவன் எழும்பி அழுதான். பாம்புக்கோ இருட்டுக்கோ அல்ல, பேன் சத்தம் இல்லையாம். மறுநாளே பற்றரியில் ஓடும் சின்னப் பேன் ஒன்று வாங்கினோம். கல்குடாவுக்குப் போகும் பையில் முதலில் வைத்த சாமான் அதுதான். மாமி இரண்டாவதாகத் தன் பாயை வைத்தார். அவரும் வருகிறாராம்.